துகள் சிறுத்தலின் வரவு செலவு

லித்தியம் அயனி பேட்டரிக்குள் உழைப்பது பொடிதான். அலுமினியத் தாளின்மேல் ஒரு கறுப்புப் பூச்சு, செம்புத் தாளின்மேல் இன்னொரு கறுப்புப் பூச்சு, நடுவே நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வு, எல்லாவற்றையும் நனைத்தபடி மின்பகுளித் திரவம். மற்றதெல்லாம் உறையும் காவலும். அந்தப் பூச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் துகள் துகளாகத் தெரியும். ஒரு துகளின் குறுக்களவு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக வேதியியலார் விடை தேடியிருக்கிறார்கள், தொழிற்சாலைகள் தேடியிருக்கின்றன, காப்புரிமை வழக்குகளின் வழியே நீதிமன்றங்கள்கூட அதைத் தொட்டிருக்கின்றன. இக்கட்டுரை அந்தக் குறுக்களவைப் பற்றியது. வேறொன்றைப் பற்றியும் அன்று.

நானோப் பொருள்கள் என்று பொதுவாகப் பேசத் தொடங்கினால் பேச்சுக்குக் கரை இருக்காது. ஆகவே ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஸ்கூட்டர் விற்பவர்களும் சோலார் பேட்டரி மாட்டுபவர்களும் எல்எஃப்பி என்று சுருக்கிச் சொல்லும் அதே பொருள். டிரைபிலைட் என்ற கனிமமாக இது பாறையிலும் கிடைக்கிறது. சிறுத்ததால் மட்டுமே பிழைத்த பொருள் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

முதலில் வேலை என்ன என்பது தெளிவாக வேண்டும். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது லித்தியம் அயனி எதிர்முனைப் பொடியை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, நேர்முனைப் பொடியின் துகளுக்குள் நுழைகிறது. எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிவந்து அதே துகளை அடைகிறது. சார்ஜ் ஏற்றும்போது இரண்டும் திரும்பிப் போகின்றன. துகளின் எந்த மூலைக்கும் அயனியும் வந்தாக வேண்டும், எலக்ட்ரானும் வந்தாக வேண்டும். ஒன்று வந்து மற்றொன்று வராத இடத்தில் எதுவும் நடக்காது. அந்த இடம் வெறும் பாரம்.

நேர்முனைக்கு முதலில் பேர்பெற்றது கோபால்ட். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்தது. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பேட்டரியில் இருந்தது அதுதான். கோபால்ட் விலை மிகுந்தது, பூமியில் அரிதானது. இரும்போ எங்கும் கிடைப்பது. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடில் லித்தியத்தை ஏற்றினால் கிடைக்கும் மின்னழுத்தம் பயன்படும் அளவுக்கு இல்லை.

இந்த முட்டுக்கட்டையை நீக்கிய சிந்தனையில் ஒரு தமிழருக்குப் பங்குண்டு. தமிழ்நாட்டின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், குட்இனஃபுடன் ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலும் பணியாற்றினார். 1987இலும் 1989இலும் இருவரும் வெளியிட்ட ஆய்வுகள் ஒரு விதியைக் காட்டின. இரும்பின் பக்கத்தில் இருப்பது மாலிப்டேட் அல்லது டங்ஸ்டேட் தொகுதி என்றால் 3 வோல்ட். அதே இரும்பின் பக்கத்தில் சல்பேட் இருந்தால் 3.6 வோல்ட். இரும்பு மாறவில்லை, அண்டை மாறியது. கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் வலுவாக இழுப்பதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. 2019இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இந்தச் செய்திக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் தகும்.

இந்த வழியிலேயே மேலும் நடந்து, 1997இல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் என்ற மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை நேர்முனைப் பொருளாக முன்வைத்தார்கள். மின்னழுத்தம் ஏறத்தாழ 3.4 வோல்ட். விலை மலிவு. நச்சில்லை. பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் ஆக்சிஜனை எளிதில் கைவிடாது. அதாவது தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. கணக்குப்படி கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டம் கொள்ள வேண்டும். மிக மெதுவாக மின்சாரம் எடுத்தும் கைக்கு வந்தது 100 முதல் 110 வரைதான். குறைந்த திறன் போதுமான வேலைகளுக்கு ஏற்றது என்றே அக்கட்டுரை அதை மதிப்பிட்டது. அன்றைய பொடிக்கு அது நியாயமான மதிப்பீடு.

குறை எங்கே? இரண்டு இடத்தில். எலக்ட்ரானை இந்தப் பொருள் கடத்துவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு மோசம். அயனியும் உள்ளே நகரத் திணறுகிறது. இவற்றில் அயனியின் சங்கடத்தைத்தான் துகளின் அளவு நேராகத் தொடுகிறது.

திடப்பொருளுக்குள் அயனி நேராக ஓடுவதில்லை. முன்னும் பின்னும் தாவித் தாவித்தான் நகர்கிறது. அதனால் அது எடுத்துக்கொள்ளும் நேரம் தூரத்தைப் பொறுத்ததன்று, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் நூற்றில் ஒன்றாகும். நூற்றில் ஒன்றாக்கினால் நேரம் பத்தாயிரத்தில் ஒன்று. ஒரு பொருளுக்குள் அயனி எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு விரவுகை எண் என்று பெயர். வர்க்கத்தை அந்த எண்ணால் வகுத்தால் உத்தேச நேரம் கிடைக்கும். இந்தப் பாஸ்பேட்டில் மின்வேதி முறையில் அளந்து 2002இல் வெளியான ஒரு மதிப்பு, நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரை நூறு லட்சம் கோடியால் வகுத்தால் வருவதைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கணக்கு எளிதாக இருக்க அந்த மேல்மிச்சத்தை விட்டுவிடுவோம். 10 மைக்ரோமீட்டர் தூரம் என்றால் 10 கோடி நொடி, அதாவது மூன்று ஆண்டுக்கு மேல். 100 நானோமீட்டர் என்றால் 10,000 நொடி, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 50 நானோமீட்டர் என்றால் 2,500 நொடி, முக்கால் மணி நேரம்கூட இல்லை.

மூன்று ஆண்டு எங்கே, முக்கால் மணி எங்கே. பொருள் அதேதான். வேதி வாய்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இந்தக் கணக்கை முதன்முறை போட்டுப் பார்க்கும் எந்த மாணவரும் வியக்காமல் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு தடை எழும். 2004இல் அமெரிக்காவின் எம்ஐடியில் மார்கன், வான் டெர் வென், சீடர் ஆகியோர் அணுக்களின் நிலையிலிருந்தே கணித்துப் பார்த்தபோது, படிகத்தின் ஒரு திசையில் அயனி மேற்சொன்ன அளவைப்போலப் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் நகர வேண்டும் என்று வந்தது. அது மெய்யானால் 10 மைக்ரோமீட்டர் தூரத்துக்கும் இரண்டு நிமிடம் போதும். பிறகு ஏன் துகளைச் சிறுக்க வேண்டும்? கணக்கு தவறா, அளவீடு தவறா?

விடை: இரண்டும் சரி. இந்தப் படிகத்தில் லித்தியம் எல்லாத் திசைக்கும் போவதில்லை. ஒரே திசையில், ஒன்றோடொன்று கலக்காத நீண்ட தடங்களில் மட்டுமே போகிறது. 2008இல் ஜப்பானில் நிஷிமுரா, யமாடா குழுவினர் நியூட்ரான் கதிர்ச்சிதறல் மூலம் அந்தத் தடத்தை நேரடியாகப் படம்பிடித்தே காட்டினார்கள். ஒரே தடம் என்பதால், நடுவில் எங்காவது லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்துவிட்டால் அந்தத் தடம் அடைபட்டது. வலம் இடம் சுற்றிப் போக வழி எளிதில் இல்லை. பொடி தயாரிக்கும் சூட்டில் இப்படி இடம் மாறி உட்காரும் இரும்பு சிறிதளவேனும் இருந்தே தீரும். நீண்ட துகளில் தடம் நீளம், ஆகவே இரண்டு அடைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் லித்தியம் நிறைய. துகள் 50 நானோமீட்டர் ஆனால் பெரும்பாலான தடங்களில் அடைப்பு ஒன்றுகூட இருக்காது, ஒன்று இருந்தாலும் இரு பக்கமும் வாசல் உண்டு. 2010இல் மாலிக், சீடர் குழு இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியது: இந்தப் பொருளில் விரவுகை எண் நிலையான ஒன்றன்று, துகள் சிறுத்தால் அதுவே கூடுகிறது.

ஆக, சிறுத்தலால் வருவது இரட்டை ஆதாயம். போக வேண்டிய தூரம் குறைகிறது, போகும் வழியும் திறக்கிறது. இரண்டாவது ஆதாயம் பொடியைச் சிறுக்கத் தொடங்கிய காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எலக்ட்ரானின் குறை வேறு கையால் தீர்ந்தது. கனடாவில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தோடு பணியாற்றிய மிஷேல் அர்மானும் நதாலி ராவேயும் 1990களின் இறுதியில் துகளின்மேல் கார்பன் பூசினார்கள். செய்முறை எளியது: சர்க்கரை போன்ற ஒரு கரிமப் பொருளைக் கலந்து, காற்றுப் படாமல் 700 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கினால் அது கரிந்து சில நானோமீட்டர் தடிமனில் துகளைப் போர்த்துகிறது. வெளிறிய பொடி கறுக்கிறது. கரி எலக்ட்ரானைக் கொண்டுவந்து துகளின் வாசலில் விடுகிறது. அதே கரி சூளையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்காமலும் தடுக்கிறது, இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடையாமலும் காக்கிறது. ஒரே பூச்சு மூன்று காரியம் பார்க்கிறது. பேட்டரி வேதியியலில் இவ்வளவு சிக்கனமான தீர்வு வேறொன்றை நான் அறியேன்.

2002இல் எம்ஐடியின் யெட்-மிங் சியாங் குழு வேறு வழி சொன்னது. நியோபியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களை மிகச் சிறு அளவில் படிகத்துக்குள் சேர்த்தால் கடத்துதிறன் ஏறத்தாழ பத்துக் கோடி மடங்கு உயர்கிறது என்றது. அர்மான் தரப்பு ஒப்பவில்லை. உலோகம் படிகத்துக்குள் போகவே இல்லை, தயாரிப்பில் பயன்பட்ட கரிமப் பொருள்கள் விட்டுச்சென்ற கரிதான் கடத்துகிறது என்றது. 2004இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நசார் குழு, துகள்களின் விளிம்பில் இரும்பு பாஸ்பைடு வலைப்பின்னல் ஒன்று உருவாவதைக் காட்டி, கடத்துவது அது என்றது. காப்புரிமை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சியாங் 2001இல் கூட்டாகத் தொடங்கிய ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனமோ, விவாதம் முடியும்வரை காத்திராமல், நானோ பாஸ்பேட் பேட்டரியைக் கைத்துளைக் கருவிகளுக்கு விற்றது, 2009இல் பங்குச்சந்தைக்கு வந்தது, 2012 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது, பின்பு சீனாவின் வான்சியாங் குழுமத்தின் கைக்குப் போனது.

இந்தச் சச்சரவில் யார் பக்கம் நிற்பது? என் தீர்ப்பு கரியின் பக்கமே சாய்கிறது. இன்று உலகெங்கும் தயாராகும் இந்தப் பொடி கார்பன் பூசியே வருகிறது. ஆனாலும் சியாங் குழுவின் பொடி வேகமாக வேலை செய்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதுவும் மிகச் சிறிய துகள்களால் ஆன பொடி.

இதுவரை எழுதியது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தைப் பெரும்பாலான செய்திக் கட்டுரைகள் எழுதுவதே இல்லை.

ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை எடுத்துக்கொள்க. அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 100 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் லட்சம் கோடித் துண்டு வரும். எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 646 சதுர அடி, ஒரு சிறு வீட்டின் தரையளவு. பருமன் மாறவில்லை, எடை மாறவில்லை. திரவம் தொடும் பரப்பு லட்சம் மடங்காகிவிட்டது. நல்லதும் மேற்பரப்பில்தான் நடக்கிறது, கெட்டதும் அங்கேதான் நடக்கிறது.

எதிர்முனையில் அந்தக் கெடுதல் கண்ணுக்குத் தெரியும். அங்கே மின்பகுளித் திரவம் சிதைந்து துகளின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. 1979இல் இஸ்ரேலின் இமானுவேல் பெலெட் இப்படலத்துக்கு முறையான விளக்கம் தந்தார். படலம் இல்லாவிட்டால் திரவம் ஓயாமல் சிதையும், ஆகவே அது தேவை. ஆனால் படலம் லித்தியத்தைத் தின்றே உருவாகிறது. தின்றது திரும்பாது. பரப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு லித்தியம் முதல் சார்ஜிலேயே தொலையும். பாஸ்பேட் வேலை செய்யும் மின்னழுத்தத்தில் திரவம் இவ்வளவு சிதையாது என்பதால் நேர்முனையில் இந்தச் செலவு சிறிது. நானோத் துகள் முதலில் நேர்முனையில், அதுவும் இந்தப் பொருளில் வெற்றி கண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடமும் ஒரு செலவு. பாஸ்பேட் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.6 கிராம். நானோப் பொடியாக்கிக் கொட்டினால் நடுவே காற்றுதான் அதிகம். ஒரே பெட்டிக்குள் குறைவான பொருள், ஆகவே குறைவான மின்சாரம். அத்தோடு, பரப்பு கூடிய பொடியைக் குழம்பாகக் கரைக்கக் கரைப்பான் கூடுதலாக வேண்டும், தாளில் ஒட்டவைக்கப் பசை கூடுதலாக வேண்டும், அது காற்றின் ஈரத்தையும் விடாமல் பற்றிக்கொள்கிறது. தொழிற்சாலைக்காரர் கண்ட மாற்று இது: நானோத் துகள்களைத் திரட்டிச் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாக்குவது. உருண்டைக்குள் நுண்துளை வழியே திரவம் போகும். அயனி கடக்க வேண்டிய திடம் 100 நானோமீட்டர்தான், கையாள்பவருக்கோ அது மைக்ரான் பொடி.

இந்தச் செலவுகளை விட்டுவிட்டு எழுதும் வழக்கம் ஆய்வுச் செய்திகளில் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 2009இல் காங், சீடர் இருவரும் நேச்சர் இதழில், இந்தப் பாஸ்பேட்டின் ஒரு வடிவம் ஒன்பது நொடியில் மின்னூட்டத்தை வெளிவிடுகிறது என்று எழுதினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த உச்ச வேகச் சோதனையில் பூச்சின் எடையில் பெரும்பங்கு கார்பன், பாஸ்பேட்டின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். செய்தி எழுதியவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். அதே ஆண்டு குட்இனஃப் உள்ளிட்ட நால்வர் அந்த உரிமைகோரலுக்கு ஆதாரம் போதாது என்று மறுப்பு வெளியிட்டார்கள். கிராமுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வந்தால், எதன் கிராம் என்று கேட்க வேண்டும். தாளின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிகிராம் பூசினார்கள், ஒரு லிட்டர் பேட்டரிக்கு எவ்வளவு வரும் என்றும் கேட்க வேண்டும். மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே கற்பிப்பது நம் கடமை.

சிலிக்கனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் அங்கே சிறுத்தலின் காரணம் வேறு. எதிர்முனையில் இன்றிருக்கும் கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும். சிலிக்கன் 3,579 கொள்ளும், ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் அவ்வளவையும் ஏற்றுக்கொண்ட சிலிக்கன் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பருமனாக உப்புகிறது, இறக்கும்போது சுருங்குகிறது. சில தடவையிலேயே வெடித்து நொறுங்கும். 2012இல், மின் நுண்ணோக்கிக்குள் லித்தியம் ஏற்றியபடியே பார்த்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் கீழிருக்கும் சிலிக்கன் துகள் வெடிப்பதில்லை என்று கண்டது. சிறு துகளில் சேரும் ஆற்றல் ஒரு விரிசலை ஓடவைக்கப் போதாது. 2008இலேயே ஸ்டான்ஃபோர்டில் யீ சுயி குழு சிலிக்கன் நானோக்கம்பிகளைச் செய்திருந்தது. 2014இல் அதே குழு, நானோத் துகள்களைக் கூட்டாகக் கார்பன் ஓட்டுக்குள் அடைத்து, உப்புவதற்கு உள்ளேயே இடம்விட்டு, அதற்கு மாதுளை வடிவம் என்று பெயரிட்டது. திரவம் ஓட்டின் வெளிப்புறத்தை மட்டுமே தொடுகிறது. ஆகவே படலமும் அந்தச் சிறு பரப்பில் மட்டுமே. சிறுத்தலின் பயனை வைத்துக்கொண்டு அதன் செலவை மட்டும் வெட்டிய வடிவமைப்பு என்று இதை மனமாரப் பாராட்டுகிறேன். விலையில்தான் இடிக்கிறது. பெருமளவு விற்பனையில் இருக்கும் பேட்டரிகளில் சிலிக்கனோ அதன் ஆக்சைடோ கிராஃபைட்டோடு சிறு பங்காகக் கலந்தே வருகிறது.

பாஸ்பேட்டுக்குத் திரும்பினால், அதன் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன, சீனத் தொழிற்சாலைகள் உலகத் தயாரிப்பின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கின்றன, 2020இல் பிஒய்டி நிறுவனம் நீண்ட தட்டைக் கலங்களை அடுக்கிக் காரைப் போதிய தூரம் ஓடவைத்தது. வேகத்துக்கு வழி கிடைத்துவிட்டதால் இப்போது போட்டி இடத்தில் நடக்கிறது. தாளில் பூசி உருளையால் அழுத்திய பொடியின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 2.6 கிராம் வரை கொண்டுபோக நினைக்கிறார்கள். ஒரே அளவு துகள்களைக் கொண்டு அதைச் செய்ய முடியாது. ஆகவே வேண்டுமென்றே பெரிய துகள்களையும் சேர்க்கிறார்கள். பெரியவற்றின் இடைவெளியைச் சிறியவை நிரப்புகின்றன. எத்தனை பங்கு பெரியது, எத்தனை பங்கு சிறியது என்ற விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் வைத்திருக்கிறது. வேகமாகச் சார்ஜ் ஏற வேண்டிய பேட்டரிக்குச் சிறியது கூடுதல், ஒரே சார்ஜில் நெடுந்தூரம் ஓட வேண்டியதற்குப் பெரியது கூடுதல்.